மலைத் தோட்ட வருமானத்தை நம்பித் திண்டுக்கல்லில் வீடு வாங்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மாமனார் விட்டுச் சென்ற நான்கு ஏக்கரில் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகு, கொஞ்சம் மலைவாழை. கூலி, உரம் போகச் சென்ற பருவத்தில் ஆறரை லட்சம் நின்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 2.75 லட்சம்தான் நின்றது. பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருக்கிறது. கணவருக்கு ஒரு தங்கை, மதுரையில் இருக்கிறார். மகள் உள்ளூர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. மகள் வேளாண்மைப் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். பிளஸ் ஒன்னுக்கு அவளைத் திண்டுக்கல்லில் தனியார் பள்ளியில் சேர்த்து, அங்கேயே 32 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கலாம் என்கிறார் கணவர். சேமிப்புக் கணக்கில் உள்ள நான்கு லட்சம், நகை விற்று மூன்று லட்சம், மீதி 25 லட்சம் கடன். அடகுக் கடையில் நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் 1.8 லட்சம் நகைக்கடனும் இருக்கிறது. ஆகஸ்டில் வியாபாரியிடம் ஒரு லட்சம் முன்பணம் வாங்கினோம். அதற்காக ஜனவரியில் ஆறு மூட்டை காப்பியைக் கிலோவுக்கு 30 ரூபாய் குறைத்துக் கொடுக்க வேண்டும். மாமியாருக்குச் சர்க்கரை நோய், அடிக்கடி மலை இறங்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வீடு வாங்காதீர்கள், சகோதரி. இந்த ஆண்டு மட்டுமல்ல, தோட்டம் ஒன்றே வருமானமாக இருக்கும்வரை இவ்வளவு பெரிய மாதத் தவணையைத் தோளில் ஏற்றாதீர்கள்.

25 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை மாதம் ஏறக்குறைய 22,500 ரூபாய். ஆண்டுக்கு 2.7 லட்சம். நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்கள் குடும்பத்துக்கு நின்றதே 2.75 லட்சம். அப்படி ஓர் ஆண்டு திரும்பி வந்தால் தவணை கட்டியபின் மிஞ்சுவது ஐயாயிரம் ரூபாய்.

வராது என்று சொல்ல முடியுமா? 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அராபிகா வகைக் காப்பியின் விலை அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனதற்குப் பெரிய காரணம் பிரேசிலின் வறட்சி. அங்கே மழை நன்றாகப் பெய்தால் தாண்டிக்குடியில் விலை இறங்கும். அராபிகா ஒரு வருடம் அள்ளிக் கொடுத்தால் மறுவருடம் ஓய்ந்துவிடும் என்பதும், காப்பி பூக்க வேண்டிய பூ மழை தவறினால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் மலையில் சாய்த்த மரங்களையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருகிற, வருகிற அளவும் நிச்சயமில்லாத பணத்தை மாதம் தவறாத தவணைக்கு ஈடு வைக்கக் கூடாது.

இன்னொன்று. உங்கள் கணக்கில் எழுதாத கடன் ஒன்று இருக்கிறது. மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அந்த நான்கு ஏக்கரில் மாமியாருக்கும் உங்கள் நாத்தனாருக்கும் பங்கு உண்டு. மணமாகிப் போனதால் அவருடைய உரிமை போய்விடாது. கையிருப்பு முழுவதையும் வீட்டில் கொட்டிவிட்டு, நாளை அவர் கேட்கும்போது எதைக் கொடுப்பீர்கள்? அவரை நேரில் பாருங்கள். வெறும் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். நியாயமான தொகையைப் பேசி, தேவையானால் இரண்டு மூன்று அறுவடைகளில் கொடுப்பதாக எழுதி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை மாற்றுங்கள்.

பட்டா மாறினால் வியாபாரியின் முன்பணத்திலிருந்தும் வெளியே வரலாம். ஐம்பது கிலோ மூட்டை ஆறு என்றால் 300 கிலோ. கிலோவுக்கு 30 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். ஐந்து மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு நீங்கள் கொடுக்கும் வட்டி அது. ஆண்டுக் கணக்கில் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி உரிய நாளில் திருப்பிக் கட்டுபவர்களுக்குத் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. பட்டா, சிட்டா, அடங்கல் கையில் இல்லாததால் மட்டும் எத்தனையோ மலை விவசாயிகள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். என் மனத்தை மிகவும் வருத்தும் விஷயம் இது.

நகைக்கடனை இந்த வாரமே அடைத்துவிடுங்கள். ஒன்றரை வட்டி என்றால் மாதம் 2,700 ரூபாய். சேமிப்புக் கணக்கில் மிகக் குறைந்த வட்டிக்குத் தூங்கும் பணத்தை வைத்துக்கொண்டு பதினெட்டு சதவீதம் கட்டுகிறீர்கள். மீட்ட நகையை விற்க வேண்டாம்.

மிஞ்சும் 2.2 லட்சத்தைத் தொடாதீர்கள். மாதச் சம்பளக்காரர்களுக்கு ஆறு மாதச் செலவைக் கையிருப்பில் வைக்கச் சொல்வேன். உங்களுக்கு ஒரு முழு ஆண்டுச் செலவு வேண்டும். காப்பியும் மிளகும் விற்ற பணம் மார்ச்சில் கைக்கு வந்ததும் குடும்பச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, மாதம் ஒன்றாம் தேதி ஒரே அளவு பணம் வீட்டுக்கு வருமாறு வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். நல்ல விலை கிடைத்த ஆண்டிலும் அந்தத் தொகையை உயர்த்தாதீர்கள்.

மருத்துவத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 1.2 லட்சம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் நால்வருக்கும் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. மாமியாருக்குத் தனிப் பாலிசி பாருங்கள். சர்க்கரை நோயைச் சொல்லியே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான்.

இப்போது மகள். தனியார் பள்ளி என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்துச் சேர்த்த தகுதியை, கட்டணமும் கட்டிக் கடைசி இரண்டு ஆண்டுகளில் அவள் ஏன் இழக்க வேண்டும்? அரசு உதவி பெறும் பள்ளிக்கும் அந்த ஒதுக்கீடு பொருந்தாது என்பதைக் கவனியுங்கள்.

மலையில் அவள் விரும்பும் பாடப்பிரிவு இல்லையென்றால் திண்டுக்கல்லில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேருங்கள். அருகிலேயே சிறிய வீடாக வாடகைக்குப் பிடியுங்கள். எட்டாயிரம் வாடகை என்றாலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். விலை விழுந்த ஆண்டில் காலி செய்து மலையேறிவிடலாம். வாங்கிய வீட்டில் அது முடியாது. மாமியாரும் பிள்ளைகளும் கீழே இருக்கட்டும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கேயே இருக்கிறது. நீங்களோ கணவரோ ஒருவர் தோட்டத்தில் இருந்தே ஆக வேண்டும், காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் இருவரும். காட்டுமாடு இறங்கும் ஊரில் ஆள் இல்லாத தோட்டம் இரண்டு பருவம்கூடத் தாங்காது.

வீட்டை விற்பவரிடம் முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் உடனே எழுதுங்கள். ஒப்பந்தத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.