அமெரிக்க நாவலாசிரியர் வில்லா கேத்தர் எழுதின கடிதங்களை ஏன் 2013 வரைக்கும் புத்தகமா போடல?

காரணம் அவங்க எழுதி வச்ச உயில்தாங்க. 1947ல இறந்துபோன கேத்தர், என் கடிதங்களை முழுசாவோ துண்டாவோ யாரும் அச்சிடக் கூடாதுன்னு அதுல சொல்லிட்டாங்க. நிறைய பேர் எல்லாத்தையும் எரிச்சுட்டாங்கன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, கொஞ்சம் அழிஞ்சது உண்மைதான், ஆனா அனுப்பின கடிதம் வாங்கினவங்க வீட்டுலதானே இருக்கும், அதனால ஆயிரக்கணக்குல தப்பிச்சு டியூக், வெர்மான்ட், நெப்ராஸ்கான்னு பல யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போய்ச் சேர்ந்துச்சு. பேப்பர் லைப்ரரிக்குச் சொந்தம், அதுல இருக்கற வார்த்தைக்கு காப்பிரைட் எழுதினவங்க வாரிசுக்கு, சிக்கலே இங்கதான்!

ஆராய்ச்சி பண்றவங்க அந்தக் கடிதத்தைக் கையில வச்சுப் படிக்கலாம், ஆனா ஒரு வரி கூட அப்படியே எடுத்துப் போட முடியாது, "இங்க கோபமா இருக்காங்க"ன்னு தன் சொந்த வார்த்தையில சுத்தி வளைச்சு எழுதணும், அவங்க குரலே நமக்குக் கேக்காம போச்சு, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். 2011ல உயிலைக் காத்துட்டு இருந்த அண்ணன் தம்பி வழிப் பையன் சார்ல்ஸ் கேத்தர் இறந்தப்புறம்தான் வழி பொறந்துச்சு, 2013ல தொகுப்பு வந்துச்சு. 2018ல இருந்து நெப்ராஸ்கா யுனிவர்சிட்டிக்காரங்க ஆன்லைன்ல இலவசமாவே ஏத்திட்டு வர்றாங்க, போய்ப் படிங்க.