ஏ-லெவலில் புராடக்ட் டிசைன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் ஏ-லெவல் (பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு வருடம்) முதல் வருடம் படிக்கிறேன். கணிதம், இயற்பியல், அப்புறம் டிசைன் அண்ட் டெக்னாலஜியில் புராடக்ட் டிசைன். மூன்றாவது பாடத்தை நானே ஆசைப்பட்டு எடுத்தேன்.

இப்போது புராஜெக்ட்டுக்குத் தலைப்பு முடிவுசெய்ய வேண்டும். மேசை விளக்கு செய்வதாக எழுதிக் கொடுத்தேன். வளைத்த பிளைவுட் தண்டு, அக்ரிலிக் மூடி, அடியில் ஃபோனுக்கு வயர்லெஸ் சார்ஜர். கேட் (CAD) எனும், கணினியில் வடிவம் வரையும் மென்பொருளில் வரைந்தும் விட்டேன், பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆசிரியர் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்றார். "மாணவர்களுக்கு" என்றேன். "எந்த மாணவருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒன்றும் ஓடவில்லை. எங்களோடு இருக்கும் பாட்டி அந்தப் படத்தைப் பார்த்து, "விளக்குதான் வீடு பூரா இருக்கே, எனக்கு மாத்திரை அட்டையைப் பிரிக்க ஏதாவது செஞ்சு குடேன்" என்று சிரித்தார். அவருக்கு விரல்களில் மூட்டுவாதம்.

எழுத்துத் தேர்வுக்கு மரம், உலோகம், பிளாஸ்டிக் என்று பட்டியல் பட்டியலாக வருகிறது, மனதில் நிற்க மாட்டேன் என்கிறது. அப்பாவோ, "தச்சு வேலை படிக்கவா இவ்வளவு செலவு? இதை விட்டுவிட்டு வேதியியல் எடு" என்கிறார். தலைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? பொருட்களை எப்படிப் படிப்பது? அப்பா சொல்வது சரியா?

அன்புடன்,
ந.

அன்புள்ள ந.,

உங்கள் தலைப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. விளக்கைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, பாட்டி சொன்னதைப் போகிற போக்கில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் புராஜெக்ட்.

இந்தப் பாடத்துக்கு வரும் பெரும்பாலானவர்கள் ஒரு பொருளைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். விளக்கு, நாற்காலி, ஸ்பீக்கர், ஃபோன் ஸ்டாண்ட். பிறகு அந்தப் பொருளுக்கு ஓர் ஆளைத் தேடுகிறார்கள். ஆள் கிடைக்காததால் 'மாணவர்கள்', 'இளைஞர்கள்', 'பயணிகள்' என்று ஒரு கூட்டத்தை எழுதி வைக்கிறார்கள். கூட்டத்தின் விரல் வலிக்காது, கூட்டம் எதையும் கீழே போட்டு உடைக்காது. அதனால் வடிவமைப்பில் எந்த முடிவுக்கும் காரணம் சொல்ல முடியாமல் போகிறது. தண்டு ஏன் 40 சென்டிமீட்டர்? பார்க்க நன்றாக இருக்கிறது. மூடி ஏன் அக்ரிலிக்? லேசர் கட்டர் இருக்கிறது. ஆசிரியர் கேட்ட கேள்வி இதைத்தான் தொடுகிறது. நல்ல ஆசிரியர், அவரை விட்டுவிடாதீர்கள்.

முதலில் ஆள். அவரிடம் எது கஷ்டம் என்று கேட்பதைவிட, அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாட்டி மாத்திரை எடுக்கும்போது எந்தக் கையில் அட்டையைப் பிடிக்கிறார்? கட்டைவிரலால் அழுத்துகிறாரா, நகத்தால் கீறுகிறாரா, கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறாரா? மாத்திரை கையில் விழுகிறதா, தரையில் உருள்கிறதா, இரண்டாக உடைகிறதா? மறுநாள் காலைக்கு உள்ளதை முந்தின இரவே பிரித்து வைக்கிறாரா? பெரியவர்கள் இப்படி எத்தனையோ குறுக்குவழி வைத்திருப்பார்கள், கேட்டால் சொல்ல மாட்டார்கள், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அவர் அனுமதித்தால் கைகளை மட்டும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகத் திரும்பப் பார்க்கும்போதுதான் பல விஷயம் கண்ணில் படும்.

அடுத்து அட்டையைப் பாருங்கள். பொதுவாக மேலே குமிழ் குமிழாக பிளாஸ்டிக், அடியில் மெல்லிய அலுமினியத் தாள். குமிழை அழுத்தினால் மாத்திரை தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். இதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதை வீட்டிலேயே அளக்கலாம். நடுவில் ஓட்டை போட்ட ஒரு கட்டையை எடை பார்க்கும் தராசின் மேல் வைத்து, அதன் மேல் அட்டையை வைத்து அழுத்துங்கள். தாள் கிழியும் நொடியில் தராசு எத்தனை கிலோ காட்டியது என்று குறியுங்கள். அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன். ஒரு பேச்சுக்கு, தராசு 2 கிலோ காட்டினால் ஏறக்குறைய 20 நியூட்டன். ஒரு நெம்புகோல் வைத்து, கை அழுத்தும் இடம் சுழலும் புள்ளியிலிருந்து 100 மில்லிமீட்டரிலும், மாத்திரையை அழுத்தும் முனை 25 மில்லிமீட்டரிலும் இருந்தால், பாட்டி கொடுக்க வேண்டியது 5 நியூட்டன்தான் (உராய்வை விட்டுவிட்டால்). இந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வில் கணிதம் கட்டாயம் வரும், குறைந்தது நூற்றுக்குப் பதினைந்து பங்கு. அந்தக் கணக்கை இப்படிக் கையால் போட்டுப் பழகினால் தேர்வில் பயமே இருக்காது. ஆனால் சோதனைக்கு நிஜ மாத்திரையை எடுக்காதீர்கள். சூயிங் கம் இதே மாதிரி அட்டையில் வருகிறது, அது போதும்.

மாத்திரை பிரிக்கும் கருவி ஏற்கெனவே கடையில் விற்கிறதே என்று யாராவது சொல்வார்கள். விற்கிறதுதான். ஒன்றை வாங்கிப் பாட்டியிடம் கொடுத்து, எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறார் என்று பாருங்கள். பிடி மெல்லியதா? ஒரு கையால் அட்டையைப் பிடித்து மறு கையால் அழுத்த வேண்டியிருக்கிறதா? ஓட்டைக்கு நேராக அட்டையை வைக்கக் கண் தெரியவில்லையா? உங்கள் வடிவமைப்புக்கான நிபந்தனைகள் இதிலிருந்துதான் வர வேண்டும். "பிடிக்க வசதியாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. "உட்கார்ந்தபடி, ஒரு கையால், விரல் நுனியை மடக்காமல் உள்ளங்கையால் அழுத்தித் திறக்க வேண்டும்" என்று எழுதினால் சோதிக்கலாம்.

உடல் அளவு அட்டவணைகள் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும், 5-ஆவது சதமானத்திலிருந்து 95-ஆவது சதமானம் வரை (நூறு பேரைச் சிறியவரிலிருந்து பெரியவர் வரை வரிசையாக நிறுத்தினால் ஐந்தாவது ஆள், தொண்ணூற்றைந்தாவது ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்). கை விரிக்க வேண்டிய அகலத்துக்குச் சிறிய கையை, அதாவது 5-ஆவதை எடுக்க வேண்டும். விரல் நுழையும் வளையத்துக்குப் பெரிய விரலை, 95-ஆவதை. இதைப் புரிந்துகொண்டால் சரி. ஆனால் பொது மக்களுக்கான அட்டவணையில் மூட்டுவாதம் வந்த விரல் இருக்காது. பாட்டியின் கையை நீங்களேதான் அளக்க வேண்டும்.

ஒரே ஒரு பாட்டிக்காகச் செய்தால் அது எப்படி எல்லோருக்குமான பொருள் ஆகும் என்று தோன்றலாம். 1990-இல் அமெரிக்காவில் வந்த ஆக்ஸோ குட் கிரிப்ஸ் காய்கறித் தோல் சீவியைத் தேடிப் பாருங்கள். சாம் ஃபார்பர் என்ற தொழிலதிபரின் மனைவி பெட்ஸிக்குக் கைகளில் மூட்டுவாதம், பழைய உலோகச் சீவியை அவரால் பிடிக்க முடியவில்லை. ஸ்மார்ட் டிசைன் என்ற வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து தடித்த, ரப்பர் போல மிருதுவான, முட்டை வடிவக் குறுக்குவெட்டு உள்ள பிடியைக் கொண்டுவந்தார்கள். விரல் பதியும் இடத்தில் இரு பக்கமும் மெல்லிய வரிகள், அழுத்தினால் வளைந்து கொடுக்கும். கை ஈரமாக இருந்தாலும் வழுக்காது. விரல் நன்றாக உள்ளவர்களும் அதைத்தான் விரும்பி வாங்கினார்கள். ஒருவரின் வலியை ஒழுங்காகக் கவனித்ததன் பலன் அது.

கேட் மென்பொருளை இப்போதைக்கு மூடி வையுங்கள். திரையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், எதுவும் கையில் உறுத்தாது. அட்டைப்பெட்டி, களிமண், நுரைப்பலகை, ஐஸ்கிரீம் குச்சி, இவற்றில் ஒரே மாலையில் நாலைந்து பிடி செய்து பாட்டியின் கையில் கொடுங்கள். ஒன்றைப் பிடித்ததும் முகம் சுளித்தால் அதை எழுதி வையுங்கள், படம் எடுத்து வையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிடியின் தடிமனையும் நெம்புகோலின் நீளத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் சுலபமானது என்று தெரியாமல் போய்விடும். அழுத்தும் முனையிலும் வேலை இருக்கிறது: கூர்மையாக இருந்தால் மாத்திரை உடையும், அகலமாகவும் மிருதுவாகவும் இருந்தால் விசை பரவும். பிறகு கேட் வரைபடம், பிறகு த்ரீ-டி பிரிண்டர். நெம்புகோல் கையை நிற்கவைத்து அச்சடித்தால் அடுக்குகள் குறுக்கே வந்து, அழுத்தும்போது அடுக்கோடு பிளந்துகொள்ளும். படுக்கவைத்து அச்சடியுங்கள்.

இன்னொன்று. சில மருந்து அட்டைகளைக் குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே கடினமாகச் செய்கிறார்கள். பாட்டிக்குச் சுலபமாக்கும் கருவி ஒரு குழந்தைக்கும் சுலபமாக்கிவிடும். இந்த முரண்பாட்டை மறைக்காதீர்கள், அறிக்கையில் நேராக எழுதுங்கள், என்ன முடிவெடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். என் பார்வையில் இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

ஏ-லெவலில் மொத்த மதிப்பெண்ணில் பாதி இந்த புராஜெக்ட்டுக்கு. அதில் கடைசியில் செய்த பொருளின் பளபளப்பைவிட, உங்கள் எண்ணம் எங்கே, எதனால் மாறியது என்ற தடம் முக்கியம். சிலர் எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து 'ஆரம்ப யோசனைகள்' வரைவார்கள். படிப்பவருக்கு அது தெரிந்துவிடும், ஏனென்றால் அந்த ஆரம்ப யோசனைகளில் ஒரு தவறு கூட இருக்காது.

இப்போது எழுத்துத் தேர்வு. பட்டியலை மனப்பாடம் செய்தால் நிற்காதுதான். கையில் கிடைக்கும் பொருளிலிருந்து பட்டியலுக்குப் போங்கள். 1950-இல் வந்த பிக் கிறிஸ்டல் பேனாவை எடுத்துக்கொள்வோம். உடல் பாலிஸ்டைரீன்: விறைப்பானது, கண்ணாடி போலத் தெரியும், மை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம். மூடி பாலிப்ரோப்பிலீன்: வளைந்து திரும்பும், அதனால்தான் சட்டைப்பையில் மாட்டும் கிளிப் அடிக்கடி வளைந்தும் ஒடிவதில்லை. உடலையும் பாலிப்ரோப்பிலீனில் செய்திருந்தால் அந்தத் தெளிவு கிடைத்திருக்காது. மூடியை பாலிஸ்டைரீனில் செய்திருந்தால் கிளிப் ஒடிந்திருக்கும். உடல் அறுகோணம், மேசையில் உருளாது. உடலின் பக்கத்தில் உள்ள சின்னத் துளை உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமமாக வைக்கிறது. மூடியின் நுனியில் உள்ள துளை, குழந்தை விழுங்கிவிட்டால் மூச்சு போக. முனையில் உள்ள குண்டு டங்ஸ்டன் கார்பைடு, தேயாது. ஒரு பேனாவில் இரண்டு பிளாஸ்டிக், ஒரு கடின உலோகச் சேர்மம், பாதுகாப்பு, உடலமைப்பு எல்லாம் வந்துவிட்டன.

அப்புறம் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். மெல்லிய கோடு ஓடினால் அது, உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம். வட்ட வட்டமான தடங்கள், அச்சிலிருந்து பொருளைத் தள்ளிய கம்பிகளுடையவை. பக்கச் சுவர் லேசாகச் சாய்ந்திருக்கும், ஒன்றிரண்டு டிகிரி, இல்லாவிட்டால் அச்சை விட்டு வராது. தடித்த இடத்துக்கு வெளியே சின்னக் குழி தெரிந்தால், அங்கே பிளாஸ்டிக் மெதுவாக ஆறிச் சுருங்கியிருக்கிறது. தினம் ஒரு பொருளை இப்படிக் கவிழ்த்துப் பார்த்துப் படம் வரைந்து வையுங்கள். தேர்வுத்தாளில் ஒரு பொருளின் படத்தைக் கொடுத்து 'இந்தப் பொருளை எப்படித் தயாரித்திருப்பார்கள், ஏன்' என்று கேட்டால் உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

அப்பாவிடம் கோபப்படாதீர்கள். அவர் கேட்பதில் ஒரு பாதி நியாயம். உங்கள் மனதில் மருத்துவமோ வேதிப் பொறியியலோ இருந்தால் வேதியியல் வேண்டும், அவர் சொல்வதுதான் சரி. இயந்திரப் பொறியியல் என்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்பது கணிதம், இயற்பியல், இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றாவது பாடம் பெரும்பாலும் உங்கள் விருப்பம். பொருள் வடிவமைப்புப் பட்டத்துக்கு உங்கள் வேலைகளின் தொகுப்பைக் காட்டச் சொல்லும் இடங்கள் நிறைய, அங்கே இந்த புராஜெக்ட் நேரடியாகவே உதவும். நீங்கள் விரும்பும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் சேர்க்கை நிபந்தனைகளை அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் பயப்படுவது உங்கள் எதிர்காலத்தை நினைத்து, வாதத்தைவிட அந்தப் பக்கங்கள் அவரிடம் நன்றாகப் பேசும். 'தச்சு வேலை' என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஒரு மரப் பொருத்தை இழைத்து இடைவெளி இல்லாமல் சேர்ப்பது சாதாரண விஷயமில்லை, அதைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தலைப்பை மாற்றுவதற்கு முன் ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். வெறும் யோசனையோடு போக வேண்டாம். பாட்டியின் கை வீடியோ, தராசில் எடுத்த அளவுகள், அட்டைப்பெட்டியில் செய்த இரண்டு பிடி, இவற்றோடு போங்கள். "இது யாருக்கு?" என்று அவர் மறுபடி கேட்க மாட்டார். கேட்டால் பாட்டியின் வயதையும் கை அளவையும் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்தப் பிடியை அவர் தேர்ந்தெடுத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
க.