அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளை (மூலநிரலை, அதாவது அதன் நிரல் வரிகளை, எவரும் பார்க்கவும் மாற்றவும் உரிமை தரும் மென்பொருளை) சட்டத்தால் கட்டாயமாக்கலாமா?

சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். 2002-இல், அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளையே பயன்படுத்தச் சொன்ன பெரு நாட்டின் மசோதாவை மைக்ரோசாஃப்ட் எதிர்த்தபோது, அதை முன்மொழிந்த நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவா, மசோதா எந்த நிறுவனத்தையும் விலக்கவில்லை, குடிமக்களின் தரவு ஒரே விற்பனையாளரிடம் சிக்காதிருக்க உரிம நிபந்தனைகளையே விதிக்கிறது என்று பதிலளித்தார். இன்றும் வலுவான வாதம்தான். ஆயினும், வாங்கும் அனைத்துமே திறமூலமாக இருக்க வேண்டுமென்றால், தகுந்த மாற்று இல்லாத துறைகளில் விதிவிலக்குகளே விதியாகிவிடும். 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சுவிட்சர்லாந்துச் சட்டமோ, கூட்டாட்சி அரசு தனக்காக உருவாக்கும் மென்பொருளின் மூலநிரலை, மூன்றாம் தரப்பு உரிமையோ பாதுகாப்புக் காரணமோ தடுக்காதவரை, வெளியிடச் சொல்கிறது. வரிப்பணத்தில் எழுதப்பட்ட நிரலுக்கு இது நியாயமான கட்டாயம். ஆயத்தமாக விற்கப்படும் மென்பொருளுக்கு, எந்த நிறுவனத்தின் மென்பொருளும் கையாளக்கூடிய திறந்த கோப்பு வடிவங்களை மட்டும் வற்புறுத்தினால் போதும் என்பது என் கருத்து.