பொதுச் சுகாதார ஊட்டச்சத்தில் முதுநிலைப் படிப்பு: கேட்டவையும் என் பதில்களும்

முதுநிலை மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். உங்கள் கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மருத்துவமனையில் உணவியல் நிபுணராக இருக்கிறேன் மேடம். இந்தப் படிப்பில் எனக்குப் புதிதாக என்ன கிடைக்கும்?

கேள்வியே மாறிவிடும். "இந்த நோயாளி என்ன சாப்பிட வேண்டும்?" என்று கேட்டுப் பழகிய நீங்கள், "இத்தனை பேருக்கு இந்தக் குறை ஏன் வந்தது?" என்று கேட்கத் தொடங்குவீர்கள்.

தோல் புண்ணும் வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் வரும் பெலாக்ரா நோயின் கதையை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். அது தொற்றுநோய் என்று பலரும் நம்பிய காலத்தில், 1914-இல், பொதுச் சுகாதார மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டார். காப்பகங்களில் இருந்தவர்களுக்கு நோய் வந்தது; அவர்களோடு பழகிய ஊழியர்களுக்கு வரவில்லை. தொற்றாக இருந்தால் இப்படி ஆள் பார்த்து வருமா? உணவைச் சந்தேகித்தார். பிறகு பொருளாதாரம் அறிந்த எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கருடன் சேர்ந்து நூற்பாலைக் கிராமங்களில் வீடு வீடாக உணவையும் வருமானத்தையும் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய நோய் கூடியது. நோயைத் தீர்ப்பது நியாசின் என்ற பி வகை வைட்டமின் என்று தெரியவந்தது 1937-இல்தான். சத்தின் பெயர் தெரிவதற்கு முன்பே காரணத்தை நெருங்கிவிட்டார்கள். நோய்ப்பரவலியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் துறை), பொருளாதாரம், உணவு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இந்தப் படிப்பு தருவது அதைத்தான்.

புள்ளியியல் என்றாலே பயம். அது இல்லாமல் முடியாதா?

முடியாது. தேற்றங்களை நிறுவத் தேவையில்லை, ஆனால் எண் எங்கே ஏமாற்றும் என்பது தெரிந்தே ஆகவேண்டும். நேற்று சாப்பிட்டதை ஒரே ஒரு முறை கேட்டுக் குறித்துக்கொள்கிறீர்கள். அன்று விருந்தாக இருந்திருக்கலாம், பட்டினியாகவும் இருந்திருக்கலாம். ஆயிரம் பேரிடம் கேட்டால் சராசரி ஓரளவு சரியாகவே வரும். ஆனால் "தேவைக்குக் குறைவாகச் சாப்பிடுபவர்கள் எத்தனை சதவீதம்?" என்று அதே தரவைக் கொண்டு கணக்கிட்டால் தவறிவிடும். நாளுக்கு நாள் உள்ள ஏற்ற இறக்கமும் அதில் கலந்திருக்கிறதல்லவா? ஒரு பகுதியினரிடமாவது இன்னொரு நாளும் கேட்டு, அந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்க வேண்டும். இது புரிந்த நாளில் உங்கள் பயம் பாதி போய்விடும்.

களப்பயிற்சியில் என்ன செய்யச் சொல்வார்கள்? குழந்தையின் எடையையும் உயரத்தையும் அளக்கத்தானே?

அந்தத் "தானே"யை முதலில் எடுத்துவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்துத்தான் நீளம் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்டி, பாதத்தில் நகர்பலகையை அழுத்தி, மில்லிமீட்டர் வரை படிப்பார். அதே குழந்தையை நிற்கவைத்தால் அளவு சுமார் 0.7 சென்டிமீட்டர் குறையும். கவனிக்காமல் விட்டால், வளர்ச்சி குன்றாத குழந்தையும் குன்றியதாகப் பதிவாகிவிடும்.

மேல்கையின் நடுச் சுற்றளவும் இப்படித்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான மெலிவு. நாடாவைச் சற்று இறுக்கிப் பிடித்தாலே எண் மாறிவிடும். சிகிச்சைக்குச் சேர்ப்பதா வேண்டாமா என்பதே அதனால் மாறும். அதனால்தான் கணக்கெடுப்புக்கு முன் ஒவ்வொரு மாணவரையும் அதே குழந்தைகளை இரண்டு முறை அளக்கவைத்து, இரு அளவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறோம். ஒத்துப்போகாதவர் மீண்டும் பயிற்சி எடுப்பார். சில மாணவர்களுக்கு இது சலிப்பூட்டும். எனக்கோ, இந்தப் படிப்பின் நேர்மையே இங்கேதான் இருக்கிறது.

எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்பதை எப்படி முடிவு செய்வது?

பாடத்திட்டத்தின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். களத்தில் எத்தனை வாரம், யாருடைய மேற்பார்வையில் என்று கேளுங்கள். ஆசிரியர்களில் நோய்ப்பரவலியல் அறிந்தவரும், ஒரு திட்டத்தை உண்மையிலேயே நடத்தியவரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய மாணவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். துறைக்குப் பணம் தருவது யார் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதித்தொகுப்பு 1981-இலேயே வந்துவிட்டது. அதை வகுப்பில் கற்பித்துக்கொண்டே அந்த நிறுவனங்களின் பணத்தில் கருத்தரங்கு நடத்தும் துறையில் உங்களைச் சேரச் சொல்ல மாட்டேன்.

இணையவழியில் படிக்கலாமா?

கோட்பாட்டுப் பாடங்களுக்குத் தாராளமாக. அளவெடுப்பையும் நேர்காணலையும் நேரில்தான் கற்க முடியும்.

முதுநிலை முடித்ததும் நேரே முனைவர் பட்டத்துக்குப் போகலாமா?

சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை கிடங்கில் இருந்தும் கர்ப்பிணியின் கைக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதை நேரில் பார்த்தவருக்கு ஆய்வுக் கேள்வி தானாக வரும்.

ஆய்வேட்டுக்குத் தரவு திரட்டப் பணமில்லை. என்ன வழி?

பல நாடுகளில் நடந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளின் தரவு, பதிவு செய்து கேட்டால் இலவசமாகவே கிடைக்கும். முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்குத் தேவையான மாறிகள் (வயது, எடை போன்ற விவரங்கள்) அந்தத் தரவில் இருக்கின்றனவா என்று கணக்கெடுப்பின் வினாப்பட்டியலைப் படித்துச் சரிபாருங்கள். அதன் பிறகு வழிகாட்டியிடம் போங்கள்.