கடிக்கிறான் என்று தாஸ்காவில் நிறுத்தச் சொன்னால்

வணக்கம் சகோதரி. மூன்றரை வயது மகன் மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான், அடுத்த மாதம் முதல் அனுப்ப வேண்டாம் என்று கோலாலம்பூர் செந்தூலில் உள்ள தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்) சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உடனே வேறு இடம் தேடி ஓடாதீர்கள். காரணம் தெரியாமல் மாற்றினால் அங்கேயும் கடிப்பான்.

என் சின்னவனும் இப்படித்தான். கடித்த நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, இரண்டை மட்டும் குறிக்கச் சொல்லி ஆசிரியையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். நான்கு நாளில் தெரிந்துவிட்டது: எல்லாமே பதினொன்றரை மணிக்கு, கை கழுவ வரிசையில் நிற்கும்போது. பசி, நெரிசல், அவனுக்கோ மலாய் தெரியாது. அவனை முதலில் கழுவ விட்டார்கள், ‘தாக் நாக்’ (மலாயில் ‘வேண்டாம்’) என்று சொல்லப் பழக்கினார்கள். அப்புறம் கடி மெல்லக் குறைந்தது.

இது உங்கள் வளர்ப்புக் குறை இல்லை. அமெரிக்காவில் 2005-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் செய்த ஆய்வில், பாலர் வகுப்பில் வெளியேற்றும் விகிதம் பள்ளிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆசிரியருக்கு மனநல ஆலோசகர் துணையிருந்த வகுப்புகளில் அது குறைவு.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) காது, பேச்சு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தாஸ்காவில் ஒரு மாத அவகாசம் கேளுங்கள், எழுத்தில்.