பூச்சியம் வந்தால் பேனாவை நிறுத்துங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பிளஸ் டூ கணக்கு

நீலகிரி, பழனி மலைப் பக்கத்து வாசகர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கணக்குக் கேள்விகள். பலரும் ஒரே மாதிரியான இடங்களில் இடறியிருப்பதால், அவற்றைத் தொடும் ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறோம்.

கே: 1/(1 + சைன்²θ) என்பதை 0 முதல் π வரை தொகையிட வேண்டும். தொகுதி, பகுதி இரண்டையும் காஸ்²θ-வால் வகுத்து, t = டேன் θ என்று பிரதியிட்டேன். θ = 0 என்றால் t = 0; θ = π என்றாலும் t = 0. இரண்டு எல்லையும் ஒன்றாகிவிட்டதால் விடை 0 என்று எழுதினேன். விடைக்குறிப்பில் π/√2 என்று இருக்கிறது. வரி வரியாகப் பார்த்தும் தப்பு எங்கே என்று பிடிபடவில்லை, சார்.
– பிளஸ் டூ மாணவி, குன்னூர்

ப: வரிகளில் தப்பில்லை, அதனால்தான் கண்ணில் படவில்லை. தப்பைத் தேடுவதற்கு முன்னால், விடை 0 ஆக இருக்கவே முடியாது என்பதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சைன்²θ எப்போதும் 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்கும். ஆகவே நம் சார்பு ½-க்குக் கீழே இறங்காது, 1-க்கு மேலே ஏறாது. இடைவெளியின் நீளம் π. எனவே விடை π/2-க்கும் π-க்கும் நடுவில், அதாவது 1.57-க்கும் 3.14-க்கும் நடுவில் விழுந்தே ஆக வேண்டும். சார்பு முழுக்க மிகையாக இருக்கும்போது பரப்பு பூச்சியம் என்று வந்தால், அங்கேயே பேனாவை நிறுத்திவிட வேண்டும்.

இப்போது காரணம். θ = π/2-ஐ நெருங்கும்போது டேன் θ மேலே ஓடி முடிவிலிக்குப் போகிறது. π/2-ஐத் தாண்டியதும் எதிர்மறை முடிவிலியிலிருந்து மறுபடி கிளம்பி 0-க்கு வருகிறது. பிரதியிடும் சார்பு அந்த இடைவெளி முழுவதும் அறுபடாமல் தொடர்ச்சியாக இருந்தால்தான் எல்லைகளை மாற்றி எழுதும் விதி செல்லும். இங்கே நட்டநடுவில் அறுந்திருக்கிறது. நீங்கள் எல்லைகளை மட்டும் பார்த்தீர்கள், வழியைப் பார்க்கவில்லை.

சரியான வழி இது. சைன்²(π − θ) = சைன்²θ என்பதால், 0 முதல் π வரையுள்ள தொகை 0 முதல் π/2 வரையுள்ள தொகையைப் போல இரு மடங்கு. இந்தப் பண்பைத் தனி வரியாக எழுதுங்கள். விடைத்தாள் திருத்துபவர் தேடும் வரி அது. இனி t = டேன் θ என்று வைத்தால் t, 0-விலிருந்து முடிவிலி வரை தடங்கலில்லாமல் போகிறது. காஸ்²θ-வால் வகுத்த பிறகு தொகுதி செக்²θ, பகுதி செக்²θ + டேன்²θ. செக்²θ dθ = dt; பகுதி 1 + 2t². ஆகவே

2 ∫ dt/(1 + 2t²) = 2 × (1/√2) × டேன்⁻¹(√2 t), எல்லை 0 முதல் ∞ வரை

= 2 × (1/√2) × π/2 = π/√2, ஏறக்குறைய 2.22.

1.57-க்கும் 3.14-க்கும் நடுவில் சரியாக உட்கார்ந்துவிட்டது. இந்தக் கணக்கில் அடுத்து நடக்கும் தவறு அந்த 1/√2-ஐ விட்டுவிடுவது. விட்டால் விடை π என்று வரும். அதையும் அதே சோதனை பிடித்துவிடும்: சார்பு இரண்டு ஓரங்களில் மட்டுமே 1-ஐத் தொடுகிறது, மற்ற எல்லா இடத்திலும் அதற்குக் கீழே. எனவே பரப்பு முழு π ஆக முடியாது.

இதே வலை t = டேன்(θ/2) பிரதியிடலிலும் உண்டு; அது π-யில் அறுபடும். 1/(2 + காஸ் θ)-வை 0 முதல் 2π வரை தொகையிட்டுப் பாருங்கள். 2π/√3 வர வேண்டும்.

கே: படகு ஒன்று ஏரிக்கரையிலிருந்து 200 மீ தள்ளி நிற்கிறது. படகுக்கு நேர் எதிரே கரையில் உள்ள புள்ளியிலிருந்து 100 மீ தள்ளி, அதே கரையில், படித்துறை. துடுப்பு போட்டால் மணிக்கு 3 கி.மீ., நடந்தால் மணிக்கு 5 கி.மீ. மிகக் குறைந்த நேரத்தில் படித்துறைக்குப் போக எங்கே கரையேற வேண்டும்? வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினால் 150 மீ என்று வருகிறது. படித்துறையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி நடப்பதா?
– பிளஸ் டூ மாணவர், கொடைக்கானல்

ப: வந்த எண்ணை அப்படியே எழுதாமல் சந்தேகப்பட்டீர்களே, அதுதான் முக்கியம். கரை நேர்கோடு என்று வைத்துக்கொண்டு போடுவோம் (கொடைக்கானல் ஏரிக்கரை நேராக இல்லை என்பது உங்களுக்கே தெரியும்). அலகை முதலில் மாற்றிவிடுங்கள்: நிமிடத்துக்குத் துடுப்பில் 50 மீ, நடையில் 250/3 மீ. எதிர்ப் புள்ளியிலிருந்து x மீ தள்ளிக் கரையேறினால் ஆகும் நேரம், நிமிடத்தில்,

√(x² + 40000)/50 + 3(100 − x)/250.

வகையிட்டுப் பூச்சியமாக்கினால் x/√(x² + 40000) = 3/5. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 16x² = 360000, x = 150. இதுவரை உங்கள் கணக்கு சரி.

ஆனால் மேலே உள்ள சூத்திரம் x, 0-விலிருந்து 100 வரை இருக்கும்போது மட்டுமே உண்மை. x = 150 என்று போட்டுப் பாருங்கள்: துடுப்புக்கு 5 நிமிடம், நடைக்கு மைனஸ் 0.6 நிமிடம், ஆக 4.4 நிமிடம். பின்னோக்கி நடக்கும் 50 மீட்டருக்குச் சூத்திரம் நேரத்தைக் கூட்டாமல் கழிக்கிறது! உண்மையில் அதற்கு 5.6 நிமிடம் ஆகும். நடை தூரத்தை |100 − x| என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

0 முதல் 100 வரையுள்ள இடைவெளியில் வகைக்கெழு எங்கும் பூச்சியமாகவில்லை, முழுக்கக் குறையாகவே இருக்கிறது. சார்பு இறங்கிக்கொண்டே போகிறது என்று பொருள்; சிறுமம் வலது ஓரத்தில், x = 100-ல். நேராகப் படித்துறைக்கே துடுப்பு போட வேண்டும்: √50000 = 223.6 மீ, 4.47 நிமிடம். எதிர்ப் புள்ளிக்குப் போய் நடந்தால் 4 + 1.2 = 5.2 நிமிடம்.

விடைத்தாளில் x-இன் எல்லையை (0 ≤ x ≤ 100) முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இரண்டாம் வகைக்கெழு மிகை என்று காட்டி 150-ஐச் சிறுமம் என்று முடிப்பவர்கள் ஏராளம். அது சிறுமம்தான், ஆனால் நம் இடைவெளிக்கு வெளியே இருக்கும் சிறுமம். படித்துறை 400 மீ தள்ளி இருந்தால் அதே 150 சரியான விடையாகிவிடும்: 5 + 3 = 8 நிமிடம்.

கே: டியூஷனில் சைன் θ + காஸ் θ = 1 என்ற சமன்பாட்டைக் கொடுத்தேன். பாதிப் பிள்ளைகள் வர்க்கப்படுத்தி nπ/2 என்கிறார்கள். சிலர் வேறு வழியில் போட்டு 2nπ + π/2 மட்டும் என்கிறார்கள். இரண்டும் தப்பு என்று தெரிகிறது. ஏன் என்று எப்படிப் புரியவைப்பது?
– டியூஷன் ஆசிரியை, கோத்தகிரி

ப: முதல் கூட்டம் இல்லாத மூலங்களைச் சேர்த்துக்கொண்டது, இரண்டாவது கூட்டம் இருந்த மூலங்களைத் தொலைத்தது. பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள்.

வர்க்கப்படுத்தினால் 1 + சைன் 2θ = 1, அதாவது சைன் 2θ = 0, θ = nπ/2. ஆனால் சைன் θ + காஸ் θ = −1 என்ற சமன்பாட்டை வர்க்கப்படுத்தினாலும் இதே வரிதான் வரும். θ = π, θ = 3π/2 இரண்டும் அந்த வேறு சமன்பாட்டின் மூலங்கள். பிரதியிட்டால் −1 வருவதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது கூட்டம் சைன் θ = 1 − காஸ் θ என்று மாற்றி, 2 சைன்(θ/2) காஸ்(θ/2) = 2 சைன்²(θ/2) என்று எழுதி, இருபுறமும் சைன்(θ/2)-ஐ அடித்துவிட்டிருக்கும். சைன்(θ/2) பூச்சியமாகவும் இருக்கலாமே! அடிக்காமல் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால் 2nπ தானாகக் கிடைத்துவிடும்.

இரண்டு தொல்லையும் இல்லாத வழி, √2-ஆல் வகுப்பது: காஸ்(θ − π/4) = காஸ்(π/4). ஆகவே θ − π/4 = 2nπ ± π/4. பொதுத் தீர்வு: θ = 2nπ அல்லது θ = 2nπ + π/2. n முழு எண் என்று எழுதச் சொல்லுங்கள்.

கே: θ பூச்சியத்தை நெருங்கும்போது (டேன் θ − சைன் θ)/θ³-இன் எல்லை என்ன? சிறிய கோணத்துக்கு டேன் θ, சைன் θ இரண்டையும் θ என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று படித்தேன். அப்படிப் போட்டால் 0. விடையோ ½.
– பிளஸ் ஒன் மாணவர், அருவங்காடு

ப: பெருக்கலிலும் வகுத்தலிலும் அப்படி மாற்றிப் போடலாம், கழித்தலில் போடக் கூடாது. இரண்டு உறுப்பும் θ-வோடு ஒத்துப்போகும் பகுதி கழித்தலில் அடிபட்டுப்போய், நீங்கள் தூக்கியெறிந்த சிறு மிச்சம்தான் விடையாகிறது. பெருக்கலாக மாற்றிக்கொள்ளுங்கள்: டேன் θ − சைன் θ = டேன் θ (1 − காஸ் θ). இதை (டேன் θ/θ) × (1 − காஸ் θ)/θ² என்று பிரித்தால் 1 × ½ = ½. லோபிதால் விதியை மூன்று முறை போட்டும் வரலாம், ஆனால் செக்²θ-வைத் திரும்பத் திரும்ப வகையிடும்போது கெழு தவறிவிடும்.

அந்த மிச்சத்தின் அளவு உங்கள் ஊர் வழியாகப் போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. கல்லாறு–குன்னூர் பற்சக்கரப் பாதையின் அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1 என்பார்கள்: கிடையாக 12 மீ போனால் 1 மீ உயரம். அது டேன், சைன் அல்ல. டேன் θ = 1/12 = 0.083333; சைன் θ = 1/√145 = 0.083045, கோணம் 4.76 பாகை. அந்த ஏற்றத்தில் தண்டவாளத்தின் மேல் 1,000 மீ போனால் ஏறும் உயரம் 83.05 மீ, டேனை வைத்துப் போட்டால் 83.33 மீ. வித்தியாசம் 29 செ.மீ. தான், ஆனால் பூச்சியமல்ல. கோணம் ரேடியனில் 0.08314, அதன் கனம் 0.000575. டேனுக்கும் சைனுக்கும் உள்ள வித்தியாசமான 0.000288-ஐ இதனால் வகுத்தால் 0.501. பாகையில் போட்டால் இந்த ½ வராது, கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றிவிட்டுச் சரிபாருங்கள்.

கே: 2x⁴ − 9x³ + 14x² − 9x + 2 = 0. தலைகீழ்ச் சமன்பாடு என்று தெரிந்து x²-ஆல் வகுத்து y = x + 1/x போட்டேன். 2y² − 9y + 14 = 0 வந்தது. தன்மைகாட்டி −31. மெய் மூலமே இல்லை என்று எழுதலாமா?
– பிளஸ் டூ மாணவி, கூடலூர்

ப: கூடாது. கெழுக்களைக் கூட்டிப் பாருங்கள்: 2 − 9 + 14 − 9 + 2 = 0. அப்படியானால் x = 1 ஒரு மூலம்! x² + 1/x² என்பது y² அல்ல, y² − 2. அந்த −2-ஐ 2-ஆல் பெருக்கிச் சேர்த்தால் 2y² − 9y + 10 = 0; y = 5/2 அல்லது 2. முதலாவதிலிருந்து x = 2, ½; இரண்டாவதிலிருந்து x = 1, 1. மூலங்களின் கூடுதல் 9/2, பெருக்கல் 1, கெழுக்களோடு ஒத்துப்போகிறது.

கே: சைன்⁻¹(சைன் 10) = 10 என்று எழுதியது ஏன் தப்பு?
– பிளஸ் டூ மாணவர், தாண்டிக்குடி

ப: சைன்⁻¹-இன் முதன்மை மதிப்பு −π/2 முதல் π/2 வரை, அதாவது −1.57 முதல் 1.57 வரைதான் இருக்கலாம். 10 அதற்குள் வராது. பாகைக் குறி போடாததால் இது 10 ரேடியன். சைன்(3π − 10) = சைன் 10; 3π − 10 ஏறக்குறைய −0.575, எல்லைக்குள் இருக்கிறது. விடை 3π − 10. 10π − 10, 10 − 2π என்றெல்லாம் எழுதுபவர்கள் அந்த எண்ணை ஒருமுறை தசமத்தில் போட்டு, 1.57-க்குள் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.