தொட்டியில் கோரை: பாப்பிரஸ் ஏன் மஞ்சளித்தது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வீட்டுக்குப் பின்னால் 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சிமென்ட் தொட்டி கட்டி இரண்டு மாதம் ஆகிறது. போர் தண்ணீர் நிரப்பி, நர்சரியில் வாங்கிய இரண்டு பாப்பிரஸ் கோரைச் செடிகளைப் பூந்தொட்டியோடு அடியில் இறக்கி வைத்தேன். ஆட்டோவில் கொண்டுவர வசதியாகத் தாள்களை (தண்டுகளை) ஒரு அடிக்கு நறுக்கித்தான் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் புதுக் குருத்தெல்லாம் மஞ்சளாகி, பிறகு தூரே அழுகி நாறிவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் ஏசி தண்ணீரும் ஆர்ஓ கழிவுத் தண்ணீரும் விழுந்து எப்போதும் சேறாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கேயும் ஏதாவது கோரை வளர்க்க ஆசை. ‘கோரையை வலிய வீட்டுக்குள் கொண்டுவந்தால் தோட்டமே போய்விடும்’ என்கிறார் மாமியார். கொசு பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?”

நல்ல வேளையாக, செடிக்கு என்ன ஆனது என்பதை நீங்களே அளவோடு எழுதிவிட்டீர்கள். அதை வைத்தே கணக்குப் போடலாம். 2 அடித் தொட்டியில் விளிம்பு போக 22 அங்குலம் தண்ணீர் நின்றிருக்கும். நர்சரித் தொட்டி 8 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால், அதன் மண்ணுக்கு மேல் 14 அங்குலம் தண்ணீர். நறுக்கிய தாளின் நீளமோ 12 அங்குலம். அதாவது, வெட்டிய முனைகூட வெளியே தெரியாமல் செடி முழுக்கத் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது.

தண்ணீரில் வளரும் செடிதானே, மூழ்கினால் என்ன என்று தோன்றும். கோரைத் தாள் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக, நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருக்கும். பழைய எகிப்தியர்கள் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்திக் காயவைத்து எழுதும் தாளாக்கியது தண்டுக்குள் இருக்கும் இந்தச் சோற்றைத்தான். செடிக்கு அது மூச்சுக்குழல். சேற்றுக்குள் காற்று கிடையாது. வேருக்கு வேண்டிய காற்று மேலே நிற்கும் தாள் வழியாகத்தான் இறங்க வேண்டும். எல்லாத் தாளும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். நாற்றம் வந்தது அதனால்தான். நானும் முதல்முறை பாப்பிரஸ் வைத்தபோது இப்படியே ஆழத்தில் இறக்கி ஒரு நல்ல தூரை இழந்திருக்கிறேன். அதற்கப்புறம் எந்தக் கோரையை நட்டாலும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: தூருக்கு மேல் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது? உரமும் வெயிலும் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது காரணம் சிமென்ட். அழுகுவதற்கு முன்பே புதுக் குருத்து மஞ்சளானதாக எழுதியிருக்கிறீர்கள். அது மூழ்கியதால் மட்டும் வருவதில்லை. புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். அதைக் காட்டும் பிஹெச் எண் 10க்கு மேலேகூடப் போகும். அந்தத் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இரும்பு போதாவிட்டால் பழைய இலை பச்சையாகவே இருக்க, புதுக் குருத்து மட்டும் வெளிறும். போர் தண்ணீரும் கடினமாக இருந்தால் இது இன்னும் மோசமாகும்.

ஆகவே இப்போதைக்குச் செடி வாங்க வேண்டாம். முதலில் தொட்டியை ஊறவையுங்கள். மீன் வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இது: தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, வாழைத்தண்டையும் மட்டையையும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, ஒரு வாரம் விட்டு, தண்ணீரை இறக்கி, சுவரை நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது. மூன்று முறை செய்யுங்கள். இறக்கும் தண்ணீரை மற்றச் செடிகளுக்கு விட வேண்டாம். கடைசியில் மீன் கடையில் கிடைக்கும் பிஹெச் பரிசோதனைச் சொட்டு மருந்தை வாங்கிப் பாருங்கள். 8 பக்கம் வந்துவிட்டால் போதும்.

இனி மாமியாரின் பயம். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் மனதில் இருப்பது முத்தக்காசு என்று சித்த மருத்துவத்தில் சொல்லும் கோரைக்கிழங்கு. பிடுங்கினால் கறுப்பாக, வாசனையோடு, சரம் சரமாகக் கிழங்கு வரும். ஒன்றை விட்டால் பத்தாக முளைக்கும். உலகத்தின் மிக மோசமான களை என்று வேளாண் அறிஞர்களே சொன்ன செடி அது. ஆனால் கோரைக் குடும்பத்தில் 5,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பத்தமடைப் பாய்க்கும், கரூர், முசிறி பக்கம் காவிரிக் கரையில் பயிராகும் பாய்க்கும் ஒரு கோரை. சங்ககாலச் சிறுமிகள் பாவை செய்து விளையாடிய பைஞ்சாயும் கோரைதான். அழகுக்கு வளர்க்கும் கோரைகளில் அந்தக் கிழங்குச் சரம் கிடையாது. பெரும்பாலும் தூர் கட்டித்தான் பெருகும்.

ஆனால் கோரைக்கிழங்கு வேறு வழியில் உள்ளே வரும். அங்கே மாமியாரின் எச்சரிக்கை மிகச் சரி. நர்சரித் தொட்டி மண்ணிலும், கண்மாயிலிருந்து அள்ளி வரும் கரம்பை மண்ணிலும் கிழங்கு ஒளிந்திருக்கும். வாங்கிய செடியின் வேரை ஒரு பக்கெட் தண்ணீரில் அலசி, பழைய மண்ணை முழுக்கக் கழற்றிவிட்டு நடுங்கள். கரம்பையைக் கட்டி உடைத்து மெல்லியதாகப் பரப்பி, இரண்டு வாரம் நல்ல வெயிலில் காயவையுங்கள். காய்ச்சலை அந்தக் கிழங்கு தாங்காது. பிறகு சலித்துக்கொள்ளலாம்.

இந்தக் கரம்பை உங்கள் ஊரில் கிடைப்பது பெரிய வசதி. நீர்த்தோட்டத்துக்கு வேண்டியது கனமான மண்தான். கரம்பை இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, அவ்வளவே. தென்னை நார்க் கழிவு, மட்கிய எரு, மண்புழு உரம் எதுவும் வேண்டாம். மாடித்தோட்டப் பழக்கத்தில் எல்லோரும் இவற்றைப் போட்டுவிடுகிறார்கள். நார்க் கழிவு மிதக்கும், எரு தண்ணீருக்குள் அழுகும், தண்ணீர் பச்சைப் பாசியாகிவிடும். ஓட்டையில்லாத அகலமான பிளாஸ்டிக் டப்பில் மண்ணை நிரப்பி, நட்டபின் மேலே ஒரு அங்குலம் கூழாங்கல் பரப்புங்கள். அப்போதுதான் கொசுவுக்காக விடப்போகும் மீன் மண்ணைக் கிளறாது.

பாப்பிரஸுக்கு 18 அங்குல அகல டப் வேண்டும். தொட்டிக்குள் செங்கல் அடுக்கி, அதன்மேல் டப்பை வைத்து, மண்ணுக்கு மேல் 2 அங்குலம் மட்டும் தண்ணீர் நிற்கும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். புதுத் தாள்கள் நான்கைந்து எழும்பி இடுப்பு உயரம் வந்தபின் ஒவ்வொரு செங்கலாக எடுத்து இறக்கலாம். நன்றாக வேரூன்றிய தூர் ஒரு அடித் தண்ணீரைத் தாங்கும். ஆப்பிரிக்கச் சதுப்பில் இது 15 அடிக்குக்கூடப் போகும். டப்பில் 6 அடி, 7 அடி வரும். காற்றுக்குச் சாயும் என்பதால் சுவரோரமாக வையுங்கள். அரை நாளாவது நேர் வெயில் வேண்டும்.

ஒரு தாள் சில மாதம்தான் நிற்கும். பிறகு உச்சியில் விரிந்த குடை பழுத்து, பழுப்பாகிக் காய்ந்துவிடும். இது நோயல்ல, தாளின் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். அதைப் பாதியில் வெட்டினால் கிளைக்காது, வெறும் குச்சியாக நிற்கும். காய்ந்த தாளை மட்டும் அடியோடு வெட்டுங்கள், ஆனால் தண்ணீர் மட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே. பச்சைத் தாள்களில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வெட்டாதீர்கள். மூச்சுக்குழல் கணக்கு இங்கேயும் உண்டு.

உங்கள் தொட்டி அளவுக்கு எனக்கு இன்னும் பிடித்தது குட்டி பாப்பிரஸ்தான். இரண்டு, இரண்டரை அடிக்கு மேல் போகாது. தலை உருண்டையாகப் பஞ்சு மிட்டாய்போல விரியும். மண்ணுக்கு மேல் 2 முதல் 4 அங்குலத் தண்ணீர் போதும். 6 அடித் தொட்டியில் ஒரு பெரிய பாப்பிரஸ், இரண்டு குட்டி, நடுவில் திறந்த தண்ணீர் என்று விட்டால் கண்ணுக்கு அழகாக இருக்கும். தொட்டியை அடைத்துவிடக் கூடாது.

குடைக்கோரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நர்சரியில் அம்ப்ரெல்லா பாம் என்பார்கள். பனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மடகாஸ்கரும் கிழக்கு ஆப்பிரிக்காவும் அதன் தாயகம். 3 முதல் 5 அடி உயரம், நிழல் வெயில் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும், ஈர மண்ணிலும் வளரும், அரை அடித் தண்ணீரிலும் வளரும். துணி துவைத்த தண்ணீரைக்கூட ஜல்லிப் படுகையில் இதன் வேர் வழியே விட்டுத் தெளியவைக்கிறார்கள். கோரை வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். ஒரு செடியிலிருந்து பத்தாக்குவதும் சுலபம்: குடையை இரண்டு அங்குலக் காம்போடு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாக ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். சில வாரத்தில் இலைக்கணுக்களில் வேரும் குட்டிச் செடியும் வரும். கிண்ணத்துத் தண்ணீரை மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள். குட்டி பாப்பிரஸும் இப்படியே முளைக்கும். பெரிய பாப்பிரஸை மட்டும் தூர் பிரித்து நடுவதே நிச்சயமான வழி. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மூன்று தாளும் ஒரு முளையும் இருக்க வேண்டும்.

சரி, அந்தச் சேற்று இடம். அங்கே ஒன்றரை அடி ஆழம் தோண்டி, கனமான தார்ப்பாய் விரித்து, பக்கவாட்டில் மேலிருந்து ஒரு சாண் கீழே நான்கைந்து ஓட்டை போடுங்கள். மழையில் தண்ணீர் ஏறினால் அதன் வழியே வெளியேறும். அடியில் ஈரம் தங்கும். இங்கே கரம்பையோடு மூன்றில் ஒரு பங்கு மணல் கலக்கலாம். பின்னால் குடைக்கோரை, முன்னால் நட்சத்திரக் கோரை. ‘ரிங்கோஸ்போரா கொலராட்டா’ என்று நர்சரியில் கேளுங்கள். அமெரிக்காவின் தென்கிழக்கும் மெக்சிகோவும் அதன் ஊர். ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில், வெள்ளை நட்சத்திரம் மாதிரிப் பூத்து நிற்கும். வெள்ளையாகத் தெரிவது இதழ் இல்லை, பூவடி இலை. கோரைகள் பெரும்பாலும் காற்றை நம்பிக் காய்ப்பவை; இது பூச்சியை அழைக்க வெள்ளை உடுத்திக்கொண்ட கோரை. மண் எப்போதும் ஈரமாக இருந்தால் போதும்.

ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மட்டும் அங்கே திருப்பிவிடாதீர்கள். அதில் உப்பு செறிந்திருக்கும். வெளியேற வழி குறைந்த குழியில் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிக்கொண்டே போகும். இலைநுனி கருகுவது அதன் முதல் அடையாளம். ஏசி தண்ணீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாதது, அது வரட்டும். ஆர்ஓ தண்ணீர் வீடு கழுவப் போகட்டும். தொட்டிக்கும் மொட்டை மாடி மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கோடையில் தொட்டி ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் வரை வற்றும். உங்கள் அளவுக்கு அது 16, 17 லிட்டர். அதையெல்லாம் போர் தண்ணீராலேயே நிரப்பினால் அங்கேயும் உப்பு ஏறும். மாதம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை இறைத்து மாற்றுங்கள்.

கொசுவுக்கு இரண்டு வேறு பதில். சேற்றுப் படுகையில் மண்ணுக்கு மேல் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கொசு முட்டையிட இடமில்லை. தொட்டியில் பத்துப் பதினைந்து கப்பி மீன் விடுங்கள், புழுவைத் தின்றுவிடும். கொஞ்ச நாளில் தும்பியும் வரும். அதன் குஞ்சு தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்து, ஒரு காலையில் கோரைத் தாளில் ஏறித் தோல் உரித்துப் பறக்கும். அந்தக் கூட்டுத் தோலைத் தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். மீன் பெருகினாலும் கண்மாயில் கொண்டுபோய் விட வேண்டாம். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பூந்தொட்டித் தட்டு, பழைய பக்கெட் இவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

உரம் அதிகம் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை டீஸ்பூன் டிஏபியைச் செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து டப் மண்ணுக்குள் நான்கு அங்குலம் ஆழத்தில் புதையுங்கள். மறுபடி குருத்து வெளிறினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளிக்கலாம். தெளிக்கும் முன் டப்பைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கும் முன் பிஹெச் பாருங்கள், காரம் இறங்காமல் தெளித்தால் பலன் கொஞ்ச நாள்தான். செம்பேன், மாவுப்பூச்சி வந்தால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும்.

இணையத்தில் மஞ்சள் தங்க நிறத்தில் கேரெக்ஸ் படங்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் நிறைய. அவை குளிர்நாட்டுக் கோரைகள். ஊட்டி, கொடைக்கானலில் வைக்கலாம். மதுரை மே மாதத்தைத் தாங்கா.

குடைக்கோரை, பாப்பிரஸ் இரண்டும் வெளிநாடுகள் சிலவற்றில் தோட்டத்திலிருந்து தப்பி நீர்நிலைகளை அடைத்திருக்கின்றன. பிரித்தெடுத்த தூரையும் வெட்டிய குடைகளையும் வாய்க்காலில் எறியாமல் வெயிலில் காயவைத்து மூடாக்காகப் போடுங்கள். சேற்றுப் படுகையின் ஓரத்தில் விதையிலிருந்து முளைக்கும் குடைக்கோரைக் குஞ்சுகளைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

தொட்டி ஊறும் மூன்று வாரத்தில் கரம்பையும் காய்ந்துவிடும். அப்புறம் போய்ச் செடி வாங்குங்கள். இந்தமுறை தாளை நறுக்க விடாதீர்கள். நறுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு தாளையாவது முழுசாக விடச் சொல்லுங்கள்.